மூன்றாவது மணிக்கு முன்னால்: குப்பத்திலிருந்து பெங்களூர் போய்ப் பாட்டு நாடகம் பார்த்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் குப்பம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஒரு பக்கம் தமிழ்நாடும் இன்னொரு பக்கம் கர்நாடகமும் இடித்துக்கொண்டு நிற்கும் இடம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ரயிலேறினால் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்து பார்த்திருக்கிறோம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்வரை எங்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தவன் நடுநடுவே பாட்டும் நக்கலுமாக வந்துபோன கோமாளிதான். அதனாலோ என்னவோ, சேர்ந்து எங்காவது போகலாம் என்றால் ஊரில் மற்றவர்கள் ஏலகிரி, ஒகேனக்கல் என்பார்கள். எங்கள் கூட்டம் மட்டும் பெங்களூரில் பாட்டும் சிரிப்பும் கலந்த நாடகம் ஏதாவது நடக்கிறதா என்று போனைத் தடவிக்கொண்டிருக்கும்.

முதல் தடவை போனபோது 7:30 மணி நாடகத்துக்கு 7:34க்கு வாசலில் நின்றோம். கதவு சாத்தியாயிற்று. உள்ளே ஆர்மோனியம் இழுக்கும் சத்தம், அதற்குப் பின்னாலேயே முந்நூறு பேர் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம். "நாலு நிமிஷம்தானே அண்ணா, விடுங்க" என்று கெஞ்சினோம். வாசலில் இருந்தவர் தமிழிலேயே, "நாலு நிமிஷத்துல நாலு ஜோக் போயிருக்கும் சார், உள்ள போனாலும் உங்களுக்குப் புரியாது" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் போன பயணங்கள் எல்லாவற்றையும் நாடகம் தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் போட்டிருக்கிறோம். கீழே சொல்வது குப்பம், பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டை என்று இந்த ரயில் பாதையை ஒட்டி இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். மற்றவர்கள் ரயிலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த நாடகம்?

பெங்களூரில் பாட்டும் நகைச்சுவையும் சேர்ந்த நாடகம் என்று தேடினால் மூன்று வகை அகப்படும்.

ஒன்று, பழைய கம்பெனி நாடகத்தின் வாரிசுகள். 1884இல் தொடங்கிய குப்பி கம்பெனியின் பெயரைக் கன்னட வீடுகளில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கம்பெனியைப் பெரிதாக்கிய குப்பி வீரண்ணா நகைச்சுவை நடிகராகவே பெயர் வாங்கியவர். நம் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று பிரித்த மாதிரியே அங்கேயும் ஆர்மோனியக்காரர் ஓரமாக உட்கார்ந்து மேடையை ஆட்டிவைப்பார். ஊர்த் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இந்த வகை பிறந்த வீடு மாதிரி இருக்கும்.

இரண்டு, இன்றைய நாடகக் குழுக்கள் செய்பவை. பழைய கதையை எடுத்து, அதில் பாட்டைப் போட்டு, நடிகர்களே பாடி ஆடி, நடுவில் இன்றைய அரசியலையும் ஒரு குத்து குத்திவிட்டுப் போவார்கள். என் வாக்கு இதற்குத்தான்.

மூன்று, பெரிய அரங்குகளில் நடக்கும் ஆங்கில மியூசிக்கல். விளக்கு, உடை, கூட்ட நடனம் எல்லாம் கண்ணைப் பறிக்கும். டிக்கெட் விலையும் அப்படித்தான். கன்னட நாடகங்கள் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடியும்போது இவற்றுக்கு அதைப் போலப் பல மடங்கு வைக்க வேண்டியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

அறிவிப்பைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் தேடுங்கள்: இசை மேடையில் வாசிக்கப்படுகிறதா, பதிவு செய்து ஓடவிடுகிறார்களா? நகைச்சுவைக்கு இதுதான் உயிர்நாடி. சபை எதிர்பாராத இடத்தில் சிரித்துவிட்டால், உயிரோடு வாசிக்கிற ஆர்மோனியக்காரர் இரண்டு தாளம் தள்ளிப்போட்டுக் காத்திருப்பார். சிரிப்பு அடங்கிய பிறகு நடிகர் அடுத்த அடியை எடுப்பார். பதிவு செய்த இசைக்கு யார் சிரித்தாலும் கவலையில்லை, அது பாட்டுக்கு ஓடும். சிரிப்புக்கு அடியில் அடுத்த வரி நசுங்கிப் போகும். அறிவிப்பில் இசைக்கலைஞர்களின் பெயர்கள் நடிகர்களுக்கு இணையாகப் போட்டிருந்தால் நம்பிப் போகலாம். படத்தில் தபேலாவோ டோலக்கோ மேடை ஓரத்தில் தெரிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து நாடகத்தின் நீளம், இடைவேளை உண்டா, எந்த வயதுக்கு மேல் அனுமதி என்பதைப் பாருங்கள். கடைசியாக எந்த அரங்கு என்று பாருங்கள். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

அரங்குகள்: பச்சைப் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ரயிலில் இரண்டு பாதைகளைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும். ஊதாப் பாதை கிழக்கே ஒயிட்ஃபீல்டிலிருந்து மேற்கே சல்லகட்டா வரை. பச்சைப் பாதை வடக்கிலிருந்து தெற்கே சில்க் இன்ஸ்டிட்யூட் வரை. இரண்டும் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன. நாம் போக வேண்டிய அரங்குகள் பெரும்பாலும் பச்சைப் பாதையை ஒட்டியே இருப்பது நம் அதிர்ஷ்டம்.

ஜே.பி. நகரில் ரங்க சங்கரா. விபத்தில் இறந்துபோன நடிகர், இயக்குநர் சங்கர் நாக் நினைவாக, அவர் மனைவி நடிகை அருந்ததி நாக் முன்னின்று கட்டி 2004இல் திறந்தது. சின்ன அரங்கு. மேடை முன்னால் நீண்டு வர, மூன்று பக்கமும் சபை உட்காரும். எந்த இருக்கையிலிருந்தும் நடிகரின் புருவம் தெரியும். நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள் என்பதற்கு ஊரறியப் பெயர் போன இடம். பனசங்கரி அல்லது ஆர்.வி. ரோடு நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

ஜே.சி. சாலையில் ரவீந்திர கலாக்ஷேத்ரா. தாகூர் நூற்றாண்டை ஒட்டிக் கட்டிய அரசு அரங்கு. கே.ஆர். மார்க்கெட் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சின்னத் தூரம். கம்பெனி நாடகச் சாயல் உள்ளவை இங்கே அடிக்கடி நடக்கும். டிக்கெட்டும் மலிவு, சில நாள் இலவசமே.

மல்லேஸ்வரம் பக்கம் சௌடையா மண்டபம். ஏழு தந்தி வயலின் வாசித்த சௌடையாவின் நினைவாக வயலின் வடிவத்திலேயே கட்டியிருக்கிறார்கள். பெரிய மியூசிக்கல்கள் வரும் இடம். சம்பிகே ரோடு நிலையம் பக்கம்.

நான் ரங்க சங்கராவை வைத்தே மிச்சத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஆறு பேர்

ஐந்தும் வேண்டாம், ஏழும் வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன், ஆறுதான் சரியான எண். ஆட்டோவில் மூன்று பேர் வீதம் இரண்டு ஆட்டோ. இருவர் அறை மூன்று. மெட்ரோவில் போனிலேயே எடுக்கும் குழு டிக்கெட்டில் ஒரே க்யூஆரில் ஆறு பேர்வரை போகலாம். ஓட்டலில் நாலு பேர் மேஜையோடு ஒரு சின்ன மேஜையை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஏழாவது ஆள் வந்தால் மூன்றாவது ஆட்டோ, நாலாவது அறை, தனி டிக்கெட். எங்களில் ஒருவன் மச்சானை அழைத்துவந்த தடவை அவரை யார் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வது என்பதிலேயே இருபது நிமிஷம் போனது.

தேதியை எல்லோரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன் பட்டுப்புழு வளர்க்கிறான். நாலாவது முறை தோலுரித்த பிறகு ஒரு வாரம் புழு ராத்திரி பகலாகத் தின்னும், அப்புறம்தான் கூடு கட்டும். அந்த வாரத்தில் அவனைக் கூப்பிட்டால் உடம்பு அரங்கில் இருக்கும், மனசு மல்பெரித் தழையில் இருக்கும். இன்னொருவன் கிரானைட் பட்டறை வைத்திருப்பவன், சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கணக்குப் பார்த்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் தேறும். அதில் நல்ல நாடகம் இருந்தால் யோசிக்காமல் டிக்கெட் போடுங்கள்.

மூன்றாம் படி: டிக்கெட்

ஒருவரே, ஒரே தடவையில், ஆறையும் எடுக்க வேண்டும். "நான் என்னோடதை எடுத்துக்கறேன்டா" என்பவனை நம்பாதீர்கள். புக் மை ஷோவிலோ அரங்கின் தளத்திலோ எடுக்கலாம். பணம் முதலில், டிக்கெட் அப்புறம் என்பது எங்கள் சட்டம். போன் பேயில் காசு வந்தவனுக்குத்தான் இருக்கை.

டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத அரங்கில் முதலில் வருபவர்களுக்கு நல்ல இடம். அப்படியானால் அரைமணி முன்பே வரிசையில் நிற்க வேண்டும், ஆறு பேரும் ஒட்டி உட்கார வேண்டுமென்றால் வேறு வழியில்லை. சோக நாடகத்தைத் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம். சிரிப்பு நாடகத்தில் பக்கத்தில் தெரிந்த தோள் இல்லாவிட்டால் பாதி ருசி போய்விடும்.

முதல் வரிசை பற்றி ஒரு எச்சரிக்கை. பாட்டுக் காமெடியில் நடிகர் கீழே இறங்கி வந்து யாரையாவது பிடிப்பார். எங்கள் பட்டறைக்காரனை ஒருமுறை மேடைக்கே இழுத்துப்போய் மாப்பிள்ளையாக நிற்கவைத்துப் பெண் பார்த்தார்கள். கன்னடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் தெலுங்கில் "அவுனண்டி" (ஆமாங்க) என்று பதில் சொல்ல, அன்றைக்கு அதிகக் கைதட்டு அவனுக்குத்தான். கூச்ச சுபாவம் உள்ளவர்களை மூன்றாவது வரிசைக்குப் பின்னால், நடுவில் உட்காரவையுங்கள்.

நான்காம் படி: பின்னோக்கி எண்ணுவது

நாடகம் 7:30. பெரும்பாலான அரங்குகளில் மூன்று மணி அடிப்பார்கள். மூன்றாவது மணி அடித்தால் விளக்கு அணைகிறது, கதவு சாத்துகிறது. ஆகவே 7:00 மணிக்கு வரிசையில். அதற்கு முன் 6:15க்கு அரங்கு வளாகத்துக்குள். ரங்க சங்கராவில் உள்ளேயே ஒரு சின்ன உணவகம் இருக்கிறது, டீயும் ஏதாவது சிற்றுண்டியும் அங்கேயே முடித்துவிடலாம். நாடகக்காரர்கள், ரசிகர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் அந்த முக்கால் மணி நேரமும் பயணத்தில் சேர்ந்ததுதான். வயிற்றை அரைப்பங்கு மட்டும் நிரப்புங்கள். நிறைந்த வயிற்றுக்குச் சிரிக்கச் சோம்பல்.

அதற்கு முன்னால் 5:30க்கு அறையிலிருந்து கிளம்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தெற்கு பெங்களூர்ச் சாலையில் மூன்று கிலோமீட்டர் என்பது பத்து நிமிஷமாகவும் இருக்கும், நாற்பது நிமிஷமாகவும் இருக்கும். அதற்கும் முன்னால் 3:30 முதல் 5:00 வரை தூக்கம். ஆமாம், தூக்கம். இதை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். காலை நாலரைக்கு எழுந்து, ரயிலில் அரட்டை அடித்து, லால்பாகைச் சுற்றி, தோசை தின்று, நேரே அரங்கின் குளிரில் போய் உட்கார்ந்தால் இரண்டாம் காட்சியில் தலை தொங்கும். எங்களில் ஒருவன் ஒரு முழு டூயட்டையும் குறட்டையில் தாண்டியிருக்கிறான். முன் வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

ஆக, அறை மத்தியானத்துக்கே கிடைக்க வேண்டும். பதிவு செய்யும்போதே எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று கேளுங்கள். மெஜஸ்டிக் பக்கம் லாட்ஜ் மலிவு, ஆனால் ராத்திரி நாடகம் விட்டு அவ்வளவு தூரம் திரும்ப வேண்டும். ஜெயநகர், பனசங்கரி பக்கம் எடுத்தால் கொஞ்சம் கூட ஆனாலும் நிம்மதி. ஆறு பேருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ரயில்

குப்பத்திலிருந்து பெங்களூர் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எக்ஸ்பிரஸும் உண்டு, எல்லா ஊரிலும் நிற்கிற மெமுவும் உண்டு. இரண்டு மணி நேரக் கணக்கு, மெமுவென்றால் அதற்கு மேலும் ஆகலாம். முன்பதிவில்லாத டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துவிடலாம், கவுன்ட்டர் வரிசை மிச்சம். சனிக்கிழமை காலை சீக்கிரமே ஏறுங்கள்.

பங்காரப்பேட்டை வரை கால் நீட்டி வரலாம். அங்கே கோலார் தங்கவயல் பக்கத்துக் கிளைப்பாதை வந்து சேர்கிறது. 2001இல் சுரங்கம் மூடியதிலிருந்து அங்கிருந்து எத்தனையோ பேர் பெங்களூர் வேலைக்கு ரயிலில்தான் தினமும் போய்வருகிறார்கள். திடீரென்று பெட்டி முழுக்கத் தமிழ் கேட்கும், அதுவும் கன்னடமும் ஆங்கிலமும் ஊறிய தனி ருசித் தமிழ். இடத்துக்குச் சண்டை போடாமல் நகர்ந்து கொடுத்தால், எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் இறங்குவது, எங்கே டீ நன்றாக இருக்கும் என்று எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். பங்காரப்பேட்டையின் தெளிந்த தண்ணீர் பானிபூரியைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே இறங்குவது? ஒயிட்ஃபீல்டில் இறங்கினால் ஸ்டேஷனை ஒட்டியே ஊதாப் பாதை மெட்ரோ. மெஜஸ்டிக் வரை உட்கார்ந்து போகலாம், ஆனால் பாதை நீளம். அதே ரயிலில் பெங்களூர் சிட்டி வரை போய்விட்டால் முன்வாசலிலிருந்து மெஜஸ்டிக் மெட்ரோவுக்கு நடந்தே போகலாம், பச்சைப் பாதையை நேரே பிடிக்கலாம். நான் சிட்டி வரை போவேன். ரயில் கன்டோன்மென்ட் தாண்டி சிக்னலில் படுத்துக்கொள்ளும் நாட்களில் மட்டும் ஒயிட்ஃபீல்டில் இறங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

ஆறாம் படி: பகல் பொழுது

அதிகம் திட்டம் போடாதீர்கள். இரண்டே இடம், இரண்டும் பச்சைப் பாதையில். லால்பாக் நிலையத்தில் இறங்கினால் ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம். கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டுப் பாறை மேல் ஏறுங்கள். கிட்டத்தட்ட 300 கோடி வருஷப் பழமை என்கிறார்கள், உச்சியில் கெம்பேகௌடா கோபுரம் ஒன்று. எங்கள் பட்டறைக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "மச்சான், இத அறுத்தா பிளேடு போயிடும்டா" என்றான். ஒவ்வொருவர் தரிசனம் ஒவ்வொரு மாதிரி.

அப்புறம் காந்தி பஜார், நேஷனல் காலேஜ் நிலையம் பக்கம். 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் அங்கேதான். வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் பரிமாறுபவர் ஒரு கையில் தோசைத் தட்டுகளைத் தோள்வரை அடுக்கிக்கொண்டு வருவதே ஒரு வித்தை. நம் ஊர்த் தோசை மெல்லிசு. இது வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, நெய் கையில் ஒட்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் ஒரு நாள் முன்னதாக வருபவர்கள் ஏமாற வேண்டாம். கூட்டத்தைக் கண்டு பயந்தால் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். லால்பாக் சாலையில் இருக்கிறது, ரவை இட்லிக்குப் பெயர் போனது.

காலை டிபன், மதியச் சாப்பாடு இரண்டையும் சேர்த்து ஒன்றாக முடித்துவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள்.

ஏழாம் படி: கன்னடத்துக்குக் காதைப் பழக்குவது

நாடகம் கன்னடம் என்றதும் தமிழ்க்காரர்கள் பின்வாங்குவார்கள். தேவையே இல்லை. எல்லைக்காரர்களுக்குத் தெலுங்கும் கூட இருப்பதால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதிக்கு ஒரு சாவி: தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும். பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி, பெண் ஹெண்ணு, போ என்பது ஹோகு. பாட்டுக்கு ஹாடு. ரயிலில் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டே போனால் பெங்களூர் வருவதற்குள் ஐம்பது சொல் வசமாகியிருக்கும். நகெ என்றால் சிரிப்பு. நாம் நகைச்சுவை என்று எழுதுகிறோமே, அந்த நகைதான்.

மாட்டிவிடும் சொற்களும் உண்டு. அங்கே மாடு என்றால் செய். யாராவது "ஊட்டா மாடு" என்றால் சாப்பிடச் சொல்கிறார்கள், பதறாதீர்கள். தெலுங்கில் சாலா என்றால் நிறைய, கன்னடத்தில் சால என்றால் கடன். தெலுங்கு நினைப்பில் கேட்டால் கடன்காரன் புலம்பும் காட்சி தலைகீழாகப் புரியும். ஹெண்ட என்றால் கள், ஹெண்டத்தி என்றால் மனைவி. இந்த இரண்டையும் வைத்து எழுதாத சிலேடை கன்னடத்தில் பாக்கியிருக்காது.

கதைச் சுருக்கத்தை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். யார் யாருக்கு மாமன், யார் யாரை ஏமாற்றுகிறான், யார் மாறுவேஷத்தில் வருகிறான் என்று தெரிந்தால் போதும். நகைச்சுவைத் துணுக்குகளின் வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு வராதீர்கள். அப்படி வந்தவன் எல்லோருக்கும் ஒரு நொடி முன்னால் சிரித்து, எங்களுக்கு மானக்கேடு.

எட்டாம் படி: உள்ளே

போனை அணைத்துவிடுங்கள். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தால் போதாது, திரை வெளிச்சம் நடிகர் கண்ணில் அடிக்கும். தண்ணீர் பாட்டில், தின்பண்டம் எல்லாம் வெளியே.

காதில் மொழிபெயர்க்காதீர்கள். "அவன் என்னடா சொன்னான்?" என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் விளக்க, அதற்குள் அடுத்த இரண்டு போய்விடும், பின் வரிசைக்காரரின் பொறுமையும் போய்விடும். புரியாவிட்டால் நடிகரின் காலைப் பாருங்கள். பாட்டுக் காமெடியில் வார்த்தை சொல்லாததை நடை சொல்லிவிடும். பாட்டு வரும்போது பல்லவி இரண்டாவது முறை எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள். முதல் முறை அதே வரி காதலாக இருந்திருக்கும், மூன்றாவது முறை கேலியாகியிருக்கும். வரி மாறுவதில்லை, பாடுபவனின் நிலைமை மாறிவிடுகிறது. நாடகக்காரர்கள் உழைப்பது அங்கேதான்.

அந்தக் காலக் கம்பெனி நாடகத்தில் பாட்டு பிடித்துவிட்டால் சபை "ஒன்ஸ் மோர்" என்று கத்தும், செத்து விழுந்த ராஜா எழுந்து உட்கார்ந்து மறுபடி பாடிவிட்டு மறுபடி சாவார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்குக் கத்த வேண்டாம். பாட்டு முடிந்ததும் கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். முடிவில் நடிகர்கள், இசைக்காரர்கள், விளக்குக்காரர் எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார்கள். அதற்கு முன்னால் எழுந்து வாசலைப் பார்த்து ஓடுவது அழகில்லை.

ஒன்பதாம் படி: நாடகம் விட்ட பிறகு

பசி பிய்க்கும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கடைசி மெட்ரோ இரவு 11 மணியை ஒட்டித்தான், ஆனாலும் காலையில் நிலையத்தைக் கடக்கும்போதே சரியான நேரத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். ஆட்டோவுக்கு நம்ம யாத்ரி செயலி வசதி, பேரம் பேசும் வேலை இல்லை. பகலிலேயே ஜெயநகர்ப் பக்கம் எந்த ஓட்டல் இரவு வரை திறந்திருக்கும் என்று ஒன்றைக் கேட்டு வைத்துக்கொண்டால், பத்து மணிக்கு ஷட்டர் இறக்கும் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்காது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். மாசியிலும் ராத்திரி குளிரும், ஆவணி புரட்டாசியில் மழையும் சேரும். மேலே போட்டுக்கொள்ள ஒன்று, ஆளுக்கொரு குடை.

கணக்கை அன்று ராத்திரியே முடித்துவிடுங்கள். எங்களுக்குக் கடைசித் தடவை தலைக்கு இப்படி ஆனது: நாடகம் 300, அறை 900, சாப்பாடு 650, மெட்ரோவும் ஆட்டோவும் 330, ரயில் போகவர 100க்குள். 2,300க்குக் கீழே. பெங்களூரில் வாங்கிய சட்டை, மனைவிக்கு வாங்கிய பூந்தொட்டி, அதைத் தூக்கிவந்த ஆட்டோ இவையெல்லாம் அவரவர் தலையெழுத்து.

ஞாயிறு

ஞாயிறு சாயங்கால ரயில்களில் கூட்டம் அதிகம், அதனால் மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடலாம் என்பது என் கட்சி. இல்லை, ஞாயிறு மதியக் காட்சி இருந்தால் அதைப் பார்த்துவிட்டு ராத்திரி போகலாம் என்பது பட்டுப்புழுக்காரன் கட்சி. ஞாயிறுகளில் ரங்க சங்கராவில் 3:30க்கும் ஒரு காட்சி வைப்பார்கள் என்பதால் அவன் சொல்வதிலும் ஞாயம் உண்டு. வெளியூரில் தங்க முடியாதவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம், அறைச் செலவும் மிச்சம். ஆனால் நாடகம் பார்த்த ராத்திரி பேச்சு அதில் கிடைக்காது.

திரும்பும்போது சிட்டியிலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கே.ஆர். புரத்தில் ஏறினால் கதவோரம்தான். கடைசித் தடவை நாங்கள் சிட்டியில் ஏறி, வண்டி ஒயிட்ஃபீல்டைத் தாண்டியதும் பட்டறைக்காரன் முந்தின ராத்திரிப் பல்லவியை எடுத்தான். கன்னடம் பாதி, தெலுங்கு பாதி, நடுவில் மறந்த இடத்திலெல்லாம் லாலாலா. எதிர் இருக்கையில் தங்கவயல்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். மூன்றாவது முறை அவன் அதே இடத்தில் தப்பு விட்டபோது கண்ணைத் திறக்காமலே, "அது ஹாலு இல்ல தம்பி, ஹாடு" என்றார். பாலைக் கேட்டு அழுதுகொண்டிருந்த காதலி ஒரு நொடியில் பாட்டைக் கேட்டு அழுதாள். முந்தின ராத்திரி புரியாமல் விட்ட அந்த ஜோக்குக்கு ஆறு பேரும் மாலூர் தாண்டிய பிறகுதான் சிரித்தோம்.